அடையாற்றுக் கீற்றுக் கொட்டகையிலிருந்து அகமதாபாத் வரை
மாண்டிசோரி அம்மையாரின் ஆசிரியர் பயிற்சிப் பயணம்

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று நம் சங்கச் செயலாளர் கேட்டபோது முதலில் தயங்கினேன். சிலம்பைப் பற்றியும் கல்வெட்டுகளைப் பற்றியும் எழுதக் கற்றறிந்த அன்பர்கள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். நான் பாலர் பள்ளி ஆசிரியைகளுக்குப் பயிற்சி கொடுத்தே காலத்தை ஓட்டியவள். "அதைத்தான் எழுதுங்களேன் மாமி" என்றார் அவர். ஆகவே, ஆசிரியைகளை உருவாக்குவதையே தன் வாழ்க்கையாகக் கொண்டு நாடு நாடாக அலைந்த ஓர் அம்மையாரின் வரலாற்றை, நம் ஊர் சம்பந்தத்தோடு சொல்கிறேன்.

ஊர் சம்பந்தம் என்று சொன்னது அலங்காரத்துக்காக அல்ல. உலகெங்கும் பாலர் கல்வி படிப்பவர்கள் கையில் எடுக்கும் ஒரு நூல் உண்டு. 'தி அப்சார்பென்ட் மைண்ட்' என்று பெயர். 'உள்வாங்கும் மனம்' என்று தமிழில் சொல்லலாம். அந்த நூலுக்கு அடிப்படையான சொற்பொழிவுகள் நிகழ்ந்த இடம் நாம் வாழும் இந்த அகமதாபாத். அது அச்சாகி வெளிவந்த இடம் சென்னை அடையாறு, ஆண்டு 1949. இத்தனை வருஷம் சபர்மதிக் கரையில் குடியிருக்கிறோம், நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

மருத்துவர் ஆசிரியை ஆன கதை

மரியா மாண்டிசோரி 1870 ஆகஸ்ட் 31 அன்று இத்தாலியில் கியாராவல்லே என்னும் சிற்றூரில் பிறந்தார். பெண்கள் மருத்துவம் படிப்பதை விசித்திரமாகப் பார்த்த காலத்தில், 1896-இல் ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளிடையே பணியாற்றியபோது, இவர்களுக்கு மருந்தைவிடக் கல்வியே அதிகம் தேவை என்று உணர்ந்தார். 1904 முதல் சில ஆண்டுகள் ரோம் பல்கலைக்கழகத்தில் கல்வி சார்ந்த மானுடவியலைக் கற்பித்தார்.

1907 ஜனவரி 6 அன்று ரோம் நகரின் சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் 'குழந்தைகள் இல்லம்' தொடங்கியது. பெற்றோர் வேலைக்குப் போய்விடுவார்கள். பள்ளி வயது வராத பிள்ளைகள் படிக்கட்டுகளில் ஓடிச் சுவரையெல்லாம் கிறுக்கிப் பாழாக்கினார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ள யாராவது வேண்டும் என்பதுதான் கட்டடக்காரர்களின் கவலை. நம் கோம்திபூர், அம்ராய்வாடி ஆலைத் தொழிலாளர் சால்களில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அந்த முதல் இல்லத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட பெண் பயிற்சி பெற்ற ஆசிரியை அல்ல. பொருள்களை எப்படிக் கொடுப்பது என்று காட்டிவிட்டு, மற்றபடி குறுக்கிடாமல் பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னார் மாண்டிசோரி. குழந்தைகள் தாமாகவே மணிக்கணக்கில் ஒரே வேலையில் மூழ்கியதைக் கண்டு அவரே வியந்தார். குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பதைவிடக் கடினமான வேலை, பெரியவர்களைச் சும்மா இருக்கப் பழக்குவது என்பது அன்றே அவருக்குத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவருடைய வாழ்க்கை முழுக்கப் பெரியவர்களைப் பழக்குவதிலேயே போயிற்று.

முதல் ஆசிரியர் பயிற்சி 1909-இல் இத்தாலியின் சித்தா தி கஸ்தெல்லோவில் நடந்தது. 1913-இல் ரோமில் முதல் சர்வதேசப் பயிற்சி. 1915-இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ கண்காட்சியில் கண்ணாடிச் சுவர் வைத்த ஒரு வகுப்பறை. கூட்டம் வெளியே நின்று வேடிக்கை பார்க்க, உள்ளே குழந்தைகள் தம் பாட்டுக்கு வேலை செய்தார்கள். அதன்பின் பார்சலோனா, லண்டன், ஆம்ஸ்டர்டாம் என்று பயிற்சிகள் தொடர்ந்தன. 1929-இல் அவரும் அவர் மகன் மாரியோவும் சர்வதேச மாண்டிசோரிக் கழகத்தை நிறுவினார்கள். முசோலினி முதலில் ஆதரவு கொடுத்தார். குழந்தைகளைச் சிப்பாய்களாக்கும் திட்டத்துக்கு அம்மையார் வளையாததால் 1934-இல் இத்தாலியில் அவருடைய பள்ளிகள் மூடப்பட்டன. 1936-இல் ஸ்பெயின் உள்நாட்டுப் போர் வெடிக்கவே, பார்சலோனாவையும் விட்டு ஹாலந்துக்குப் போனார்.

அடையாற்றில் ஓர் இத்தாலியக் குரல்

அடையாறு பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும், கலாக்ஷேத்திரத்தை நிறுவிய அவர் துணைவியார் ருக்மிணி தேவியும் அழைக்க, 1939 நவம்பரில் மாண்டிசோரி அம்மையார் மாரியோவுடன் சென்னை வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 69. நம்மூரில் அந்த வயதில் பேரப்பிள்ளைகளின் கல்யாணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். அவரோ புதிய கண்டத்தில் புதிய வகுப்பைத் தொடங்கினார். மூன்று மாதப் பயிற்சி என்றுதான் ஏற்பாடு. இந்தியாவின் பல மாகாணங்களிலிருந்தும் ஏறத்தாழ 300 பேர் வந்து சேர்ந்தார்கள். சபையின் தோட்டத்தில் கீற்றுக் கொட்டகைகள் எழும்பின.

என் பெரியம்மா, அதாவது அம்மாவின் அக்கா, அந்த முதல் பயிற்சியில் இல்லை. அம்மையார் இரண்டாம் முறையாக இந்தியா வந்திருந்தபோது, சுதந்திரம் கிடைத்த ஆண்டில், அடையாற்றில் படித்தவர். கும்பகோணத்திலிருந்து 25 வயதில் தனியாகப் புறப்பட்டுப் போனார். அம்மையார் இத்தாலிய மொழியில் பேசுவார். மாரியோ பக்கத்தில் நின்று ஒவ்வொரு வாக்கியமாக ஆங்கிலத்தில் சொல்வார். பெரியம்மா அதை இப்படிச் சொல்வார்: "ஒரு தடவை புரியாத பாஷையில கேப்போம். இன்னொரு தடவை பாதி புரிஞ்ச பாஷையில கேப்போம். ராத்திரி ஆல்பத்துல எழுதறப்பதான் மூணாவது தடவை, நம்ம பாஷையில மனசுக்குள்ள இறங்கும்."

ஆல்பம் என்பது அந்தப் பயிற்சியின் உயிர்நாடி. ஒவ்வொரு கருவியையும் குழந்தைக்கு எப்படிக் காட்ட வேண்டும் என்பதை மாணவர்கள் தாமே எழுதி, படம் வரைந்து, தைத்து வைத்துக்கொள்ள வேண்டும். அச்சடித்த பாடநூல் கிடையாது. பெரியம்மாவின் ஆல்பம் இன்று என் அலமாரியில் இருக்கிறது. பாடம் ஆங்கிலத்தில், ஓரக் குறிப்புகள் தமிழில். ஒரு சென்டிமீட்டரிலிருந்து பத்து சென்டிமீட்டர் வரை வளரும் பத்து இளஞ்சிவப்புக் கட்டைகளைக் கொண்ட கோபுரத்தை அழகாக வரைந்திருக்கிறார். பக்கத்தில், "விழுந்தால் எடுத்து வைக்காதே, அவனே பார்க்கட்டும்" என்று பென்சிலில் குறிப்பு.

அந்தப் பயிற்சியில் என்னதான் கற்றார்கள்? மூன்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, உற்றுநோக்கல். நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்து ஒரே ஒரு குழந்தையை வெகுநேரம் பார்க்க வேண்டும். கண்ணால் கண்டதை மட்டும் எழுத வேண்டும். 'பிடிவாதக்காரன்' என்று எழுதினால் தப்பு. 'மூன்று முறை மூடியைத் திறந்து மூடினான்' என்று எழுதினால் சரி. என் மாணவிகளில் நன்றாகப் படிப்பவர்கள்கூட இதில்தான் தடுமாறுவார்கள். நமக்குத் தீர்ப்புச் சொல்லித்தான் பழக்கமே தவிர, பார்த்துப் பழக்கமில்லை.

இரண்டாவது, மூன்று படிப் பாடம். சொரசொரப்பான பலகையைத் தடவக் கொடுத்து, "இது சொரசொரப்பு" என்று சொல்வது முதல் படி. "சொரசொரப்பு எது, காட்டு" என்பது இரண்டாம் படி. "இது என்ன?" என்று கேட்பது மூன்றாம் படி. மூன்றாவதில் குழந்தை தவறினால் திருத்தக் கூடாது. பாடத்தை மூடிவிட்டு இன்னொரு நாள் வரவேண்டும். பிரெஞ்சு மருத்துவர் செகாங் வகுத்த முறை இது. மாண்டிசோரி எடுத்து வளர்த்தார்.

மூன்றாவது, உப்புத்தாள் எழுத்து. எழுத்தை உப்புத்தாளில் வெட்டிப் பலகையில் ஒட்டிவிடுவார்கள். விரலால் தடவிக்கொண்டே ஒலியைச் சொல்ல வேண்டும். கையும் காதும் கண்ணும் ஒன்றாகக் கற்கும். இத்தாலிய மொழிக்கு 21 எழுத்து, நமக்கோ 247. இதை எப்படிச் செய்வது என்று முதலில் மலைத்துப்போனதாகப் பெரியம்மா சொல்வார். பிறகு, உயிர் 12, மெய் 18 என்று வடிவங்களைப் பிரித்து வைத்துக்கொண்டாராம். "நம்ம திண்ணைப் பள்ளிக்கூடத்துல மணல்ல விரலை வச்சு எழுதினோமே, அதுதானே இது!" என்று கொட்டகையில் யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்களாம்.

அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னையில் அநாதைச் சிறுவர் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு தம் விடுதியில் புகுத்தினார். பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையையும் சேர்த்து, 1797-இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். இங்கிலாந்தில் அதற்கு 'மெட்ராஸ் முறை' என்றே பெயர். நம் திண்ணையிலிருந்து கப்பலேறியது அது. இரண்டிலும் வெவ்வேறு தத்துவம்தான். ஆனாலும் விரல் நுனியில் எழுத்தைக் கற்பது தமிழ்நாட்டுக்கு அந்நியமான காரியமாக இருக்கவில்லை.

போர், மகன், கொடைக்கானல்

மூன்று மாதத்தில் திரும்ப வேண்டியவர் ஏன் ஆண்டுக்கணக்கில் தங்கினார்? 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியது. இத்தாலியக் குடிமக்கள் பிரிட்டிஷ் இந்தியாவில் எதிரி நாட்டவர் ஆனார்கள். மாரியோவை முகாமில் அடைத்தார்கள். வயதான அம்மையாரைச் சபை வளாகத்தை விட்டு வெளியேறக் கூடாது என்று நிறுத்தினார்கள்.

மாரியோவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அவர் 1898-இல் திருமண பந்தமின்றிப் பிறந்த பிள்ளை. அந்நாளைய சமூகத்தில் அது வெளியே தெரிந்தால் தாயின் தொழிலே முடிந்துபோகும். குழந்தையைக் கிராமத்தில் ஒரு குடும்பத்திடம் வளரவிட்டார். பின்னாளில் அழைத்துக்கொண்ட பிறகும் உறவினர் பையன் என்றும் வளர்ப்புப் பிள்ளை என்றும்தான் வெளியுலகுக்குச் சொல்லப்பட்டது. 1940 ஆகஸ்ட் 31, அம்மையாரின் எழுபதாவது பிறந்தநாள். அன்று வைஸ்ராயிடமிருந்து தந்தி வந்தது என்கிறார்கள் வாழ்க்கை வரலாறு எழுதியவர்கள்: பிறந்தநாள் பரிசாக உங்கள் மகனை விடுவிக்கிறோம் என்பது செய்தி. 42 வயதான பிள்ளையை ஓர் அரசாங்கம் முதன்முறையாக 'மகன்' என்று அழைத்தது, நம் சென்னையில். உலகத்துக் குழந்தைகளைப் பற்றியெல்லாம் பேசியவர் தம் குழந்தையின் முதல் ஆண்டுகளை இழந்தவர் என்பதை நினைக்கும்போது எனக்கு அவர்மேல் மதிப்புக் குறையவில்லை. அவர் சொன்னதன் கனம்தான் கூடுகிறது.

பின்னர் அவர்கள் கொடைக்கானலில் சுமார் இரண்டு ஆண்டுகள் தங்கினார்கள். அங்கே இருந்த பள்ளியில் சின்னக் குழந்தைகளும் பெரிய பிள்ளைகளும் சேர்ந்து படித்தார்கள். இலை, பூச்சி, பாறை, நட்சத்திரம் என்று எல்லாவற்றையும் ஒரே கதையாகக் கோத்துச் சொல்லும் 'பிரபஞ்சக் கல்வி' அந்த மலையில்தான் முழு உருவம் பெற்றது. இலங்கையைச் சேர்ந்த லீனா விக்ரமரத்னே அப்போது அவருக்குத் துணையாக இருந்தவர். ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையிலான மாண்டிசோரிக் கல்வி இன்று எந்த நாட்டில் நடந்தாலும் அதற்குள் கொடைக்கானல் காற்று கொஞ்சம் வீசுகிறது.

அகமதாபாத்தும் குஜராத்தின் தாய்மார்களும்

அகமதாபாத்துக்கு அவரை வரவைத்ததில் சாராபாய் குடும்பத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அம்பாலால், சரளாதேவி தம்பதியர் தம் எட்டுக் குழந்தைகளுக்காக வீட்டிலேயே மாண்டிசோரி முறையில் பள்ளி நடத்தியவர்கள். தும்பாவில் ராக்கெட் தளம் அமைத்த விக்ரம் சாராபாய் அந்த வீட்டுப் பள்ளியின் மாணவர். அங்கே ஆசிரியராக இருந்த ஆங்கிலேயர் ஸ்டாண்டிங், பின்னாளில் மாண்டிசோரியின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார்.

போர்க்காலக் கட்டுப்பாடு நீங்கியபின் இந்நகரில் நடந்த பயிற்சியில் அவர் ஆற்றிய சொற்பொழிவுகளே, முதலில் சொன்ன நூலாயின. பிறப்பு முதல் ஆறு வயது வரை குழந்தையின் மனம் சுற்றியுள்ளதைப் பஞ்சு தண்ணீரை உறிஞ்சுவதுபோல் உறிஞ்சுகிறது. தாய்மொழியை யாரும் பாடம் நடத்தாமலே, முழுசாக, இலக்கணத்தோடு எடுத்துக்கொள்கிறது. பெரியவனான பிறகு எவ்வளவு முயன்றாலும் அந்த எளிமை திரும்புவதில்லை. நூலின் சாரம் இதுதான்.

ஆனால் குஜராத் அவருக்காகக் காத்திருக்கவில்லை. வக்கீலாக இருந்த கிஜுபாய் பதேகா, தம் மகனை எப்படி வளர்ப்பது என்ற கவலையில் மாண்டிசோரி நூல்களைப் படித்தார். வக்கீல் தொழிலை விட்டார். 1920-இல் பாவ்நகரில் பாலமந்திரம் தொடங்கினார். மீசை வைத்த அம்மா என்ற பொருளில் 'மூச்சாளி மா' என்று குஜராத்திகள் அவரைக் கொண்டாடுவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அம்மையாரிடம் பயிற்சி பெறாமலே, கதையும் பாட்டும் நாடகமும் சேர்த்து நூற்றுக்கணக்கான ஆசிரியர்களை உருவாக்கினார். 1939 ஜூனில் அவர் காலமானார். அம்மையார் இந்தியாவில் கால் வைத்தது நவம்பரில். ஐந்து மாதத்தில் ஒரு சந்திப்பு தவறிப்போயிற்று.

காந்தியடிகள் 1931-இல் லண்டனில் மாண்டிசோரிப் பயிற்சிக் கல்லூரிக்குச் சென்றபோது, இந்தக் கல்வி வசதியுள்ளவர்களின் பிள்ளைகளோடு நிற்காமல் பரம ஏழைகளின் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும் என்ற தம் ஆசையைச் சொன்னார். அது நியாயமான கவலை. பளபளக்கும் மரக் கருவிகளை எந்தக் கிராமம் வாங்கும்? கிஜுபாயோடு பணியாற்றிய தாராபாய் மோடக் இதற்கு விடை தேடினார். 1945-இல் தாணா மாவட்டக் கடலோர ஊரான போர்டியில் வேலையைத் தொடங்கினார். 1957-இல் கோஸ்பாட் மலைக்குப் போனார். அனுதாய் வாக் அவரோடு சேர்ந்துகொண்டார். வார்லிப் பழங்குடிக் குழந்தைகள் பள்ளிக்கு வரவில்லையா, பள்ளி அவர்கள் வீட்டு முற்றத்துக்குப் போகட்டும் என்றார்கள். கூழாங்கல், சிப்பி, விதை, இலை, இவைதான் கருவிகள். முற்றத்துக்கு மராத்தியில் 'அங்கண்'. அங்கே நடந்த பள்ளி அங்கன்வாடி. 1975 அக்டோபர் 2 அன்று மத்திய அரசு 33 வட்டாரங்களில் குழந்தை வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியபோது, மையங்களுக்கு இந்தப் பெயரே நிலைத்தது. இன்று தமிழ்நாட்டுக் கிராமத்திலும் அதே பெயர்தான்.

மாண்டிசோரி அம்மையார் 1949-இல் இந்தியாவிலிருந்து இறுதியாக விடைபெற்றார். 1952 மே 6 அன்று ஹாலந்தில் மறைந்தார். இந்தியாவில் அவரிடம் பயின்றவர்கள் ஆயிரத்துக்கும் மேல். கொழும்பிலும் கராச்சியிலும்கூடப் பயிற்சி நடத்தினார். தம் முறையை யார் கற்பிக்கலாம் என்பதில் கடைசிவரை கறாராக இருந்தார். அதனால் பிரிந்து போனவர்களும் உண்டு. இருந்தாலும் அவர் விதைத்தது, அவருடைய கைக்கு அடங்காமல் வளர்ந்த இடங்களில்தான் ஏழைக் குழந்தையைத் தொட்டது என்பது என் எண்ணம்.

என் வீட்டுக் கதை

இதையெல்லாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்த நான், என் வீட்டில் என்ன செய்தேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

1984-இல் என் மகளுக்கு மூன்று வயது. நர்சரியில் சேர்த்தோம். "குழந்தை குழம்புகிறாள். வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலத்தில் மட்டும் பேசுங்கள்" என்றார்கள். ஊர் புதுசு, குஜராத்தியும் எனக்குச் சரியாக வராது. பள்ளிக்கூடத்தில் சொன்னால் வேதவாக்கு அல்லவா? அப்படியே செய்தோம். எனக்கு வந்த ஆங்கிலமோ கடையில் விலை கேட்கிற அளவுக்குத்தான். 'கம்', 'ஈட்', 'டோன்ட் டூ' என்று அதட்டத் தெரிந்தது, கொஞ்சத் தெரியவில்லை. தாலாட்டும் நின்றது, கதையும் நின்றது.

அடுத்த வருஷம் பெரியம்மா வந்தார். இரண்டு நாள் ஒன்றுமே சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை எங்கே பழகியது என்று எனக்கு அப்போது தெரியாது. மூன்றாம் நாள் கேட்டார்: "ஏண்டி, பெத்த பிள்ளைகிட்ட எதுக்குக் கடன் வாங்கின பாஷையில பேசறே?" நான் பள்ளி சொன்னதைச் சொன்னேன். "ரெண்டு பாஷை, மூணு பாஷை கேட்டா கொழந்தை கொழம்பாது. அம்மா பேச்சை நிறுத்திட்டாத்தான் கொழம்பும்" என்றார். ஊருக்குத் திரும்பும்போது அந்த ஆல்பத்தை என்னிடம் விட்டுவிட்டுப் போனார். அதைப் படித்துத்தான் நான் இந்தத் துறைக்கே வந்தேன்.

அன்றே தமிழைத் திரும்பத் தொடங்கினோம். மகள் பேசுவாள், ஆனால் யோசித்துத்தான் பேசுவாள். எழுத்துப் பக்கம் நாங்கள் போகவே இல்லை, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது விட்டதுதான். போன தீபாவளிக்கு வந்தவள் ஆல்பத்தைப் புரட்டினாள். ஆங்கிலப் பாடத்தைக் கடகடவென்று படித்தாள். ஓரக் குறிப்பு வந்ததும் நின்று, "அம்மா, பாட்டி இங்க என்ன எழுதியிருக்கா?" என்று கேட்டாள். படித்துச் சொன்னேன். எனக்குப் பிறகு படித்துச் சொல்ல யார் இருக்கிறார்கள் என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

தாய்மொழியோடு வேறு மொழிகளையும் சிறு குழந்தை தாங்கும் என்பதில் இன்று அறிஞர்களிடையே சந்தேகம் இல்லை. 2020-இல் வந்த தேசியக் கல்விக் கொள்கையும் இயன்றவரை ஐந்தாம் வகுப்பு வரையாவது வீட்டு மொழியில் கற்பிக்கச் சொல்கிறது. ஆனால் வெளிமாநிலத்தில் இருக்கும் நம் பிள்ளைகளுக்குப் பள்ளி அதைத் தராது. அது நம் வீட்டு வேலை.

ஆகவே நம் சங்கக் குடும்பங்களைக் கேட்டுக்கொள்கிறேன். பள்ளியில் குஜராத்தி, ஹிந்தி, ஆங்கிலம் எது வேண்டுமானாலும் இருக்கட்டும். வீட்டில் சோறு ஊட்டும்போதும் தலை வாரும்போதும் தமிழில் பேசுங்கள். ஞாயிற்றுக்கிழமை சங்கக் கட்டடத்தில் நடக்கும் தமிழ் வகுப்புக்குச் சின்னக் குழந்தைகளையும் அழைத்து வாருங்கள். உப்புத்தாள் வாங்கி உயிர் 12, மெய் 18 எழுத்துகளையும் வெட்டி ஒட்டி வைத்திருக்கிறேன். விரல் வைத்துத் தடவினால் போதும். என் பேரன் விடுமுறைக்கு வந்தபோது 'அ' வரை வந்தான். மீதியை அடுத்த விடுமுறையில் பார்க்க வேண்டும்.